காரணம் தெரியாத டி செல் குறைவு: எங்கள் மகனின் முதல் ஒன்றரை ஆண்டு

எங்கள் இரண்டாவது குழந்தை 2023 நவம்பரில், அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் டாலஸுக்கு வடக்கே உள்ள ஓர் ஊரில் பிறந்தான். நிறைமாதப் பிரசவம்; எடையும் குறைவில்லை; மஞ்சள் காமாலைகூட எட்டிப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து ஒரு வாரம் ஆவதற்குள் குழந்தை மருத்துவரே நேரில் அழைத்தார். பிறந்தவுடன் குதிகாலில் குத்தி எடுத்த இரத்தத்தில் நோயெதிர்ப்புச் செல்கள் தொடர்பான ஒரு பரிசோதனை இயல்பாக இல்லை என்றும், நகரத்திலுள்ள பெரிய குழந்தைகள் மருத்துவமனையில் நோயெதிர்ப்பு நிபுணர் மறுநாளே பார்ப்பார் என்றும், அதுவரை வெளியாட்கள் யாரையும் குழந்தையிடம் விட வேண்டாம் என்றும் சொன்னார். அன்று இரவு இணையத்தில் தேடியபோது முதலில் வந்து நின்றது, இதே டெக்சாஸில் 1971-இல் பிறந்து பன்னிரண்டு ஆண்டுகள் பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் வாழ்ந்து 1984-இல் இறந்துபோன டேவிட் வெட்டர் என்ற சிறுவனின் கதை. எங்கள் மகனுக்கு இருந்தது அந்த நோய் இல்லை. ஆனால் அது தெளிவாவதற்குள் நாங்கள் கடந்த வாரங்களில், தமிழில் இதைப் பற்றிச் சொல்ல ஒருவர்கூடக் கிடைக்கவில்லை. ஊரிலும் இங்கும் நாங்கள் கேட்ட எவருக்கும் இப்படி ஒரு பரிசோதனை இருப்பதே தெரிந்திருக்கவில்லை. இதே அழைப்பு வரப்போகும் இன்னொரு பெற்றோருக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பரிசோதனை எதைப் பார்க்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது புரிந்த பிறகுதான் என் பயம் பாதியாகக் குறைந்தது. நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பியில்தான், கிருமிகளை எதிர்க்கும் வெள்ளை அணுக்களில் ஒரு வகையான டி செல்கள் உருவாகி முதிர்கின்றன. அப்போது ஒவ்வொரு செல்லும் தன் டிஎன்ஏ-வில் ஒரு பகுதியை வெட்டி ஒட்டிக்கொள்கிறது. வெட்டுப்பட்ட துண்டு ஒரு சிறு வளையமாகச் செல்லுக்குள்ளேயே தங்கிவிடுகிறது. தையற்காரரின் மேசைக்குக் கீழே கிடக்கும் வெட்டுத்துணியை வைத்து அன்று எத்தனை சட்டை வெட்டினார் என்று ஊகிப்பதைப் போல, அந்த வளையங்களை எண்ணினால் தைமஸ் புதிதாக எவ்வளவு டி செல்களை அனுப்புகிறது என்பது தெரிந்துவிடும். இந்த வளையத்தைத்தான் டிரெக் என்கிறார்கள். டேவிட் வெட்டருக்கு இருந்த, ஸ்கிட் எனப்படும் கடுமையான நோயெதிர்ப்புக் குறைபாட்டுடன் பிறக்கும் குழந்தைகளிடம் இது ஏறக்குறைய இருக்காது. அமெரிக்காவில் 2008-இல் விஸ்கான்சின் மாநிலம்தான் இதை முதலில் எல்லாக் குழந்தைகளுக்கும் தொடங்கியது. 2010-இல் தேசியப் பரிந்துரைப் பட்டியலில் சேர்ந்தது. 2018 முடிவதற்குள் எல்லா மாநிலங்களும் தொடங்கிவிட்டன. ஸ்கிட் குழந்தைக்கு எந்தத் தொற்றும் வருவதற்கு முன், முதல் மூன்றரை மாதத்துக்குள் எலும்பு மஜ்ஜை மாற்று செய்தால் பிழைக்கும் வாய்ப்பு 90 சதவீதத்துக்கு மேல் என்பதால்தான் இவ்வளவு அவசரம் காட்டுகிறார்கள்.

ஆனால் டிரெக் குறைவாக இருக்கும் குழந்தைகளில் மிகச் சிலருக்கே ஸ்கிட் இருக்கிறது. பதினொரு திட்டங்களில் 30 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பரிசோதித்து 2014-இல் வெளியான ஆய்வில் 52 பேருக்குத்தான் ஸ்கிட் இருந்தது, அதாவது 58,000 குழந்தைகளில் ஒருவர். டி செல் குறைவாக இருந்தும் ஸ்கிட் இல்லாத குழந்தைகள் அதைப்போலப் பல மடங்கு. குறைமாதப் பிரசவம், 22-ஆம் குரோமோசோமில் ஒரு சிறு பகுதி இல்லாமல் போகும் டிஜார்ஜ் குறைபாடு, டவுன் சிண்ட்ரோம், பிறவி இதயக் கோளாறு, நெஞ்சில் நிணநீர் கசிந்து சேர்வது, தாய் கர்ப்பகாலத்தில் நோயெதிர்ப்பைக் குறைக்கும் மருந்து எடுத்திருப்பது என்று காரணங்கள் பல உண்டு. எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்த பிறகும் காரணம் கிடைக்காத குழந்தைகள் ஒரு தனிக் கூட்டம். எங்கள் மகன் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன். அழைப்பு வரும்போது மருத்துவரிடம் அப்போதே கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டியவை உண்டு. டிரெக் அறவே இல்லையா, குறைவாக இருக்கிறதா என்பது முதலாவது. மாதிரியே சரியாக அமையாமல் போனதா என்பதை அறிய, ஒப்பீட்டுக்கு எடுக்கும் இன்னொரு மரபணு சரியாக வந்திருக்கிறதா என்பது அடுத்தது. டெக்சாஸில் இரண்டு முறை குதிகால் இரத்தம் எடுப்பார்கள், பிறந்த 24 முதல் 48 மணி நேரத்துக்குள் ஒன்று, 7 முதல் 14 நாளுக்குள் இன்னொன்று. எங்களுக்கு இரண்டாவதிலும் குறைவாகவே வந்தது. ஆனால் அது வரும்வரை நிபுணரைப் பார்க்காமல் காத்திருக்கக் கூடாது.

நிபுணரிடம் போன அன்று பொதுவான காத்திருப்பு அறையில் எங்களை உட்கார வைக்கவில்லை. முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லியிருந்ததால் பக்கவாட்டுக் கதவு வழியாக நேரே ஓர் அறைக்கு அழைத்துப் போனார்கள். இதை நீங்களே கேட்டுப் பெறலாம். அங்கே எடுத்த முக்கியமான பரிசோதனை ஃப்ளோ சைட்டோமெட்ரி, அதாவது டி செல், பி செல், என்கே செல் ஆகிய நோயெதிர்ப்புச் செல் வகைகளைத் தனித்தனியாக எண்ணுவது. அதிலும் டி செல்களில் எத்தனை சதவீதம் தைமஸிலிருந்து புதிதாக வந்தவை என்று பார்ப்பது மிக முக்கியம்; தாயின் டி செல்கள் குழந்தையின் உடலுக்குள் நுழைந்து எண்ணிக்கையைப் பொய்யாக உயர்த்திக் காட்டும் வாய்ப்பு ஸ்கிட்டில் உண்டு, அவை புதிய செல்களாக இருக்கமாட்டா. அடுத்தது, டி செல்களைத் தூண்டிவிட்டு அவை பெருகுகின்றனவா என்று பார்க்கும் பரிசோதனை. இதற்கு உயிருள்ள செல்கள் தேவை என்பதால் ஓரிரு நாட்களுக்குள் இரத்தம் ஆய்வகத்தைச் சேர்ந்தாக வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை எடுத்தால் வார இறுதியில் வீணாகிவிடக்கூடும். செவிலியரே இதைச் சொல்லித் திங்கள் காலைக்கு மாற்றிக் கொடுத்தார். பச்சைக் குழந்தையிடம் ஒரு நேரத்தில் எடுக்கக்கூடிய இரத்தம் மிகக் குறைவு. ஆகவே எந்தக் குழாயை முதலில் நிரப்புவது என்று மருத்துவரும் ஆய்வகமும் முன்பே பேசி வைத்திருக்க வேண்டும் என்று கேட்பதில் தவறே இல்லை. எங்கள் மகனின் கையில் நரம்பு கிடைக்காமல் தலையில் தேடியபோது, நான் அவன் காலைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்தச் சில நிமிடங்களை இன்றும் என்னால் விவரிக்க முடியவில்லை.

தைமஸ் இருக்கிறதா என்று பார்க்க எக்ஸ்ரே எடுப்பார்கள் என்று நினைத்திருந்தேன். நிபுணர் அதைத் தவிர்த்து அல்ட்ராசவுண்டில் பார்த்தார். டி செல் குறைவுக்கான அரிய காரணங்களில் சில, டிஎன்ஏ சேதத்தைச் சரிசெய்யும் மரபணுக்களில் ஏற்படும் கோளாறுகள். அப்படிப்பட்ட குழந்தைகளுக்குக் கதிர்வீச்சு ஆகாது. அவை இல்லை என்று உறுதியாகும்வரை எக்ஸ்ரே, சிடி ஸ்கேன் இரண்டையும் உண்மையிலேயே அவசியப்பட்டால் மட்டுமே எடுக்க வேண்டும் என்றார். வேறு மருத்துவரிடமோ அவசரப் பிரிவிலோ இதைச் சொல்லும் பொறுப்பு பெற்றோருக்குத்தான் வருகிறது.

அதே நாளில்தான் தாய்ப்பாலை நிறுத்தச் சொன்னார்கள். சிஎம்வி என்ற வைரஸ் நம்மில் பெரும்பாலோருக்குச் சிறுவயதிலேயே வந்துபோய், உடலில் அமைதியாகத் தங்கியிருக்கும். இந்தியாவில் வளர்ந்த பெண்களில் ஏறக்குறைய எல்லோருக்குமே இருக்கும். அது பாலின் வழியாகக் குழந்தைக்குப் போகலாம். டி செல் இல்லாத குழந்தைக்கு அது ஆபத்தானது. எனக்கு இரத்தப் பரிசோதனையில் சிஎம்வி இருந்தது உறுதியானது. ஃப்ளோ சைட்டோமெட்ரி முடிவும் குழந்தையின் சிறுநீர்ப் பரிசோதனை முடிவும் வரும்வரை பவுடர் பால்தான். பால் வற்றிவிடக் கூடாது என்பதற்காக மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை இயந்திரத்தில் எடுத்து, குளிர்பெட்டியில் இடம் இல்லாமல் போனபோது சமையலறைத் தொட்டியில் ஊற்றினேன். பிரசவம் பார்க்க வந்திருந்த என் அம்மா கோபிச்செட்டிபாளையத்துக்காரர். என் பின்னால் வந்து நின்று, "ஏங்கண்ணு, அந்தப் பாலு ஒண்ணும் பண்ணாது, ஒரு சங்கு குடுத்துப் பாரேன்" என்று மெல்லிய குரலில் கேட்டார். பதில் சொல்லாமல் குழாயைத் திறந்துவிட்டேன், இருவரும் அழுதோம். உறைய வைத்தாலும் சிஎம்வி முழுமையாக அழியாது என்பதால், எடுத்து வைத்ததைப் பிறகு கொடுக்கலாமா என்பதையும் நிபுணரிடமே கேட்க வேண்டும். எல்லா மருத்துவமனைகளும் இதில் ஒரே மாதிரி சொல்வதில்லை. ஆகவே நிறுத்தச் சொன்னால், எந்த முடிவு வந்தால் மறுபடி தொடங்கலாம் என்பதை அப்போதே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எங்களுக்கு முடிவுகள் வந்தபின் தொடங்கச் சொன்னார்கள். இயந்திரத்தை விடாமல் வைத்திருந்ததால்தான் அது சாத்தியமாயிற்று.

முடிவு வந்தது: டி செல் எண்ணிக்கை, அதாவது சிடி3, ஒரு மைக்ரோலிட்டருக்கு 780. முதல் மூன்று மாதத்தில் இது 2,500-க்கும் 5,500-க்கும் இடையில் இருக்க வேண்டும். 300-க்குக் கீழே இருந்தால் ஸ்கிட் என்ற ஐயம் வலுக்கும். எங்கள் மகன் இரண்டுக்கும் நடுவில் நின்றான். ஆறுதலான செய்தி, டி செல்களில் ஒரு வகையான சிடி4 செல்களில் அவனுக்குப் பத்துக்கு எட்டுக்கு மேல் புதியவை, தூண்டியபோது நன்றாகப் பெருகவும் செய்தன. இந்த அறிக்கையை ஊரில் மருத்துவராக இருக்கும் உறவினர் ஒருவருக்கு அனுப்பினோம். அவர் பார்த்துவிட்டு, எல்லாம் இயல்புதான், வீணாகப் பயமுறுத்துகிறார்கள் என்றார். பெரியவர்களுக்கு 780 என்பது இயல்பின் கீழ்வரம்பை ஒட்டி வரும் எண். அவர் அந்த அளவுகோலில் படித்துவிட்டார். அன்று முழுவதும் வீட்டில் எல்லோரும் நிம்மதியாக இருந்தார்கள். மறுநாள் நிபுணர் எண்ணை எண்ணாக விளக்கியபோது அந்த நிம்மதி கலைந்தது முதல் அழைப்பைவிட வலித்தது. டி செல் உள்ளிட்ட நிணநீர்ச் செல்கள் (லிம்ஃபோசைட்) குழந்தைகளுக்குப் பெரியவர்களைவிடப் பல மடங்கு அதிகம், வயது ஏற ஏறக் குறையும். எனவே எந்த அறிக்கையைப் படித்தாலும் அதன் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் வரம்பு எந்த வயதுக்கு என்று பாருங்கள். சாதாரண இரத்த எண்ணிக்கையில் வரும் லிம்ஃபோசைட் அளவுக்கும் இது பொருந்தும்.

அதன் பிறகு காரணத்தைத் தேடும் மாதங்கள். இதயத்தை எக்கோவில் பார்த்தார்கள், கால்சியம் பார்த்தார்கள், டிஜார்ஜ் குறைபாட்டுக்கான குரோமோசோம் பரிசோதனை செய்தார்கள். எல்லாம் சரியாக இருந்தன. மரபணு ஆலோசகர் குடும்ப மரம் வரைய உட்கார்ந்தபோது இரண்டு கேள்விகள் கேட்டார்: கணவனும் மனைவியும் சொந்தமா, இரு குடும்பங்களிலும் கைக்குழந்தையாக இருக்கும்போதே இறந்தவர்கள் உண்டா. என் கணவர் எனக்கு ஒன்றுவிட்ட அத்தை மகன் என்பதைச் சொல்லத் தயக்கமே தேவையில்லை. பெற்றோர் இருவரிடமிருந்தும் ஒரே மாற்றம் வந்து சேரும் நோய்களைத் தேடுவதற்கு அந்தத் தகவல் நேரடியாகப் பயன்படுகிறது. இரண்டாவது கேள்விக்குத்தான் பதில் எளிதில் கிடைக்கவில்லை. நம் வீடுகளில் இறந்த குழந்தைகளைப் பற்றிப் பேசமாட்டார்கள். என் மாமியாரிடம் தொலைபேசியில் பலமுறை கேட்ட பிறகே, அவருக்கு முதலில் பிறந்த ஆண் குழந்தை காய்ச்சலும் வயிற்றுப்போக்குமாக இருந்து ஐந்தாம் மாதத்தில் போய்விட்டதைச் சொன்னார். என் கணவருக்கே அப்படி ஓர் அண்ணன் இருந்தது அன்றுதான் தெரியும். அது எங்கள் மகனின் நிலையோடு தொடர்புள்ளதா என்பது தெரியப்போவதில்லை. ஆனாலும் ஆலோசகர் அதைப் படத்தில் ஒரு சதுரம் போட்டுக் குறுக்கே கோடிட்டுக் குறித்துக்கொண்டார். சந்திப்புக்கு முன்பே பெரியவர்களிடம் பேசிவிடுங்கள். குழந்தையின் பாலினம், வயது, என்ன அறிகுறி, தடுப்பூசி போட்ட பிறகா என்பது வரை கேளுங்கள். ஆண் குழந்தைகள் மட்டும் தொடர்ந்து இறந்திருந்தால் அதற்கும் தனிப் பொருள் உண்டு, ஸ்கிட்டின் ஒரு வகை தாய்வழியாக ஆண் குழந்தைகளுக்கு வருவது.

நூற்றுக்கணக்கான மரபணுக்களை ஒன்றாகப் பார்க்கும் பரிசோதனைக்கு இன்சூரன்ஸ் நிறுவனம் முதலில் அனுமதி மறுத்தது, குழந்தைக்கு இன்னும் எந்தத் தொற்றும் வரவில்லை என்பதே காரணம். தொற்று வருவதற்கு முன் கண்டுபிடிக்கத்தான் இந்தத் திட்டமே இருக்கிறது என்பதால் எனக்கு வந்த கோபம் சொல்லி மாளாது. மறுப்புக்கான காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்கினோம். மரபணு ஆலோசகர் மருத்துவத் தேவையை விளக்கி ஒரு கடிதம் எழுதினார். நிபுணரே இன்சூரன்ஸ் தரப்பு மருத்துவருடன் தொலைபேசியில் பேசினார். அந்த உரையாடலுக்குப் பிறகுதான் அனுமதி வந்தது. மறுத்தால் அந்த மருத்துவர்–மருத்துவர் உரையாடலைத் தயங்காமல் கேளுங்கள். ஆனால் இதற்குள் ஜனவரி பிறந்துவிட்டது. இன்சூரன்ஸ் பணம் தரத் தொடங்கும் முன் ஆண்டுதோறும் நாமே கட்ட வேண்டிய டிடக்டிபிள் தொகை பிரசவச் செலவிலேயே நிரம்பியிருந்ததால் டிசம்பரில் செய்த பரிசோதனைகளுக்கு நாங்கள் கொடுத்தது சொற்பம். ஜனவரி ஒன்றாம் தேதி கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கி, மரபணுப் பரிசோதனையும் அடுத்து வந்த ஃப்ளோ சைட்டோமெட்ரிகளும் எங்கள் கையிலிருந்தே போயின. ஆண்டு இறுதியில் பிறந்த குழந்தையாக இருந்தால், எவற்றையெல்லாம் டிசம்பர் 31-க்கு முன் முடிக்க முடியும் என்று மருத்துவமனையில் வெளிப்படையாகக் கேட்பது நல்லது.

பணத்தைப் பற்றி இன்னும் சிலவற்றைச் சொல்ல வேண்டும். பிறந்த 30 நாளுக்குள் குழந்தையை நிறுவனத்தின் இன்சூரன்ஸில் சேர்க்காவிட்டால் ஆண்டு முழுவதும் காத்திருக்க நேரலாம். இந்தக் கலவரத்தில் அந்த 30 நாள் எப்படிப் போகிறது என்றே தெரியாது. இரத்தம் எந்த ஆய்வகத்துக்குப் போகிறது, அது நம் இன்சூரன்ஸ் நிறுவனம் ஒப்பந்தம் வைத்திருக்கும் வலைக்குள் இருக்கிறதா என்று எடுப்பதற்கு முன்பே கேட்க வேண்டும். ஒரு பரிசோதனை வெளி ஆய்வகத்துக்குப் போனதால் எங்களுக்கு 1,900 டாலருக்கு ரசீது வந்து, அதைக் குறைக்கப் பல மாதம் பேச வேண்டியிருந்தது. லாபநோக்கமற்ற மருத்துவமனைகள் எல்லாமே எழுத்து வடிவில் நிதியுதவித் திட்டம் வைத்திருக்கச் சட்டம் கட்டாயப்படுத்துகிறது. வருமானம் நன்றாக இருக்கிறதே என்று நினைக்காமல் விண்ணப்பத்தைக் கேட்டுப் பாருங்கள். மூத்த மகள் காப்பகத்திலிருந்து சளியைக் கொண்டுவரக் கூடாது என்பதற்காக அவளை வீட்டிலேயே வைத்துக்கொண்டோம்; இடம் போய்விடக் கூடாது என்பதற்காக மாதம் 1,200 டாலருக்கு மேல் கட்டணமும் கட்டினோம். நான் எடுத்த விடுப்பில் பெரும்பகுதி சம்பளமில்லாதது. சட்டப்படி கிடைக்கும் 12 வார விடுப்பில் பிரசவமும் குழந்தையின் நோயும் சேர்ந்தே அடக்கம், தனித்தனி அல்ல. எல்லாம் சேர்த்து முதல் ஆண்டில் எங்களுக்கு இழப்பு 20,000 டாலரை நெருங்கும். இன்னொன்று, 2008-ஆம் ஆண்டின் மரபணுப் பாகுபாட்டுத் தடைச் சட்டம் மருத்துவக் காப்பீட்டையும் வேலையையும்தான் காக்கிறது. ஆயுள் காப்பீட்டைக் காப்பதில்லை. பெற்றோரின் இரத்தத்தையும் சேர்த்துப் பரிசோதிப்பதற்கு முன் நாங்கள் இருவரும் ஆயுள் காப்பீடு எடுத்து முடித்தோம். ஆலோசகர் சொல்லித்தான் அது தெரிந்தது.

மரபணு முடிவு எதையும் தீர்த்துவைக்கவில்லை. ஒரு மரபணுவின் ஒரு பிரதியில் மட்டும் ஒரு மாற்றம், அதன் பொருள் தெளிவில்லை, அதே மாற்றம் ஆரோக்கியமாக இருக்கும் என் கணவரிடமும் இருக்கிறது. ஃபாக்ஸ்என்1 என்ற மரபணுவில் ஒரு பிரதி மாறியிருந்தால் பிறக்கும்போது டி செல் குறைந்து வளர வளர உயர்வதுண்டு என்று மருத்துவர் விளக்கியிருந்தார். எங்கள் மகனிடம் அதுவும் இல்லை. கோப்பில் காரணம் தெரியாத டி செல் குறைவு என்று எழுதப்பட்டது. ஸ்கிட் என்று வந்திருந்தால் என்ன செய்வது என்பதற்கு ஒரு பாதை இருந்திருக்கும். ஒன்றுமில்லை என்று வந்திருந்தால் வீட்டுக்குப் போயிருப்போம். நடுவில் நிற்பவர்களுக்குப் பாதை அவரவர் எண்ணைப் பொறுத்தே அமைகிறது, அதை மருத்துவரிடம் ஒவ்வொன்றாகக் கேட்டுத்தான் பெற வேண்டும். நான் ஒரு கட்டத்தில் பயத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, எந்த எண் வந்தால் எந்தக் கட்டுப்பாடு நீங்கும் என்று மட்டும் கேட்கத் தொடங்கினேன். அதன் பிறகு நாட்கள் நகர்ந்தன. மரபணு அறிக்கையின் பொருள் பிற்காலத்தில் மாறலாம் என்பதால் ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை மறுபடி பார்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.

தடுப்பூசிகளில்தான் மிகுந்த கவனம் தேவைப்பட்டது. உயிருள்ள கிருமி அடங்கியவை கூடாது, மற்றவை காலம் தவறாமல் போட வேண்டும் என்பது அடிப்படை. இரண்டாம் மாதத்தில் கொடுக்கும் ரோட்டாவைரஸ் சொட்டு உயிருள்ளது; அதன் முதல் தவணையை 15 வாரத்துக்குள் தொடங்காவிட்டால் பிறகு தொடங்கவே மாட்டார்கள். எங்கள் மகனுக்கு அது கிடைக்காமலே போயிற்று, அதை ஏற்றுக்கொண்டோம். குழந்தைகளின் சுவாசத்தைத் தாக்கும் ஆர்எஸ்வி வைரஸுக்கு எதிரான நிர்செவிமாப் என்ற ஊசி அந்த ஆண்டுதான் அனுமதி பெற்றிருந்தது, முதல் குளிர்காலத்திலேயே தட்டுப்பாடு. சாதாரண குழந்தை மருத்துவமனையில் கிடைக்காமல், நிபுணர் எழுதிய கடிதத்தைக் காட்டிய பிறகே ஓர் ஊசி ஒதுக்கினார்கள். ஒரு மாதம் முடிந்ததும் ஒருவகை நிமோனியாவைத் தடுக்க ஒரு சிரப் தொடங்கி, எண்ணிக்கை உயர்ந்தபின் நிறுத்தினார்கள். வீட்டிலுள்ள பெரியவர்கள் எல்லோரும் ஃப்ளூ, கக்குவான் தடுப்பூசி போட்டுக்கொண்டோம். பிப்ரவரியில் வந்த என் மாமனார் மாமியாருக்கு ஊரிலிருந்து கிளம்பும் முன்பே ஃப்ளூ ஊசி போடச் சொல்லி, வந்தவுடன் சில நாட்கள் முகக்கவசத்தோடு இருக்கச் சொன்னோம். பேரனைத் தூக்க வந்தவர்களிடம் அதைச் சொல்லும் கடினமான வேலையை என் கணவர் ஏற்றுக்கொண்டார். அத்தை ஒருநாள் முகம் சுளித்தாலும் மறுநாளிலிருந்து கை கழுவாமல் வரும் விருந்தினரை அவரே வாசலில் நிறுத்தினார்.

ஜனவரியில் மகளுக்கு வந்த சளி இவனுக்கும் தொற்றி, எண்ணிக்கை 640-க்கு இறங்கியபோது என் கையும் காலும் ஓடவில்லை. சாதாரண வைரஸ் காய்ச்சலின்போதே டி செல்கள் தற்காலிகமாக இறங்கும் என்பதை யாராவது முன்பே சொல்லியிருந்தால் அந்த இரவு அப்படிக் கழிந்திருக்காது. காய்ச்சல் நேரத்தில் எடுத்த ஓர் எண்ணை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யாமல், குணமாகிச் சில வாரம் கழித்து மறுபடி பாருங்கள். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் அவசரப் பிரிவு என்பது எங்களுக்குக் கொடுத்த விதி. அங்கே போகும்போது நிபுணர் கையொப்பமிட்ட ஒரு பக்கக் கடிதம் கையில் இருக்க வேண்டும்: நோய்நிலை, கடைசி எண்ணிக்கை, உயிருள்ள தடுப்பூசி கூடாது, இரத்தம் ஏற்ற நேர்ந்தால் கதிர்வீச்சுக்கு உட்படுத்திய, சிஎம்வி இல்லாத இரத்தம் மட்டுமே, எக்ஸ்ரே தேவைப்பட்டால் மட்டும், நிபுணரின் இரவு நேரத் தொலைபேசி எண். எங்களைப் பார்த்த இளம் மருத்துவர் இந்த நோய்நிலையைக் கேள்விப்பட்டதில்லை; கடிதத்தைப் படித்தபின் ஐந்து நிமிடத்தில் தனி அறை கிடைத்தது.

ஆறு மாதத்தில் 1,120, ஒரு வயதில் 1,480. அந்த வயதுக்கு 2,100 இருந்தால்தான் இயல்பு என்றாலும் ஏறுமுகம் தெளிவாக இருந்தது. டெட்டனஸ் தடுப்பூசிக்கு அவன் உடல் நல்ல எதிர்ப்பொருளை உருவாக்கியிருக்கிறதா என்றும் பார்த்த பிறகே, தட்டம்மைக்கும் சேர்த்துப் போடும் உயிருள்ள தடுப்பூசியான எம்எம்ஆர் போடலாம் என்று நிபுணர் சொல்லியிருந்தார். அந்த முடிவுக்காகக் காத்திருந்த 2025 ஜனவரி இறுதியில்தான் மேற்கு டெக்சாஸின் கெய்ன்ஸ் மாவட்டத்தில் தட்டம்மை பரவத் தொடங்கியது. அந்தப் பரவலில் மாநிலத்தில் 762 பேர் பாதிக்கப்பட்டு இரண்டு குழந்தைகள் இறந்தார்கள். கெய்ன்ஸ் எங்களுக்கு நெடுந்தொலைவு என்றாலும் மளிகைக் கடைக்குக்கூட அவனை எடுத்துப் போகவில்லை. மகளுக்கு இரண்டாவது எம்எம்ஆரைத் தள்ளிப்போடாமல் உடனே போட்டோம். முதல் தவணைக்கு 28 நாள் கழித்து எப்போது வேண்டுமானாலும் போடலாம். தட்டம்மை உள்ளவர் அருகே குழந்தை இருந்துவிட்டால் ஆறு நாளுக்குள் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்பொருள் மருந்தைக் கொடுத்துக் காக்க முடியும் என்பதையும் கேட்டு வைத்துக்கொண்டோம். பிப்ரவரி இறுதியில் முடிவுகள் சரியாக வந்து அவனுக்கு எம்எம்ஆர் போட்டபோது, சாதாரணமாக அழுதுவிட்டு ஐந்து நிமிடத்தில் தூங்கினான். அன்றுதான் நானும் நன்றாகத் தூங்கினேன். ஒன்றரை வயதில் எண்ணிக்கை 1,790.

குலதெய்வக் கோயிலில் மொட்டையடிக்க ஊருக்குப் போவதை இன்னும் தள்ளிவைத்திருக்கிறோம். போகும்போது செய்ய வேண்டியவற்றை நிபுணரிடம் இப்போதே கேட்டுவிட்டேன். அமெரிக்காவில் பிசிஜி எனப்படும் காசநோய்த் தடுப்பூசி எல்லாக் குழந்தைகளுக்கும் போடுவதில்லை. ஊரில் அதை அம்மை குத்துவது என்றே சொல்லும் உறவினர்கள் "அம்மை குத்தவே இல்லையா, இங்கேயே போட்டுவிடலாம்" என்று அன்போடு அழைத்துப் போகக்கூடும். பிசிஜி உயிருள்ள கிருமி. டி செல் மிகக் குறைந்த குழந்தைக்கு அது உடல் முழுவதும் பரவி உயிருக்கே ஆபத்தாகலாம். தமிழ்நாட்டில் பிறக்கும் குழந்தைக்குப் பிசிஜியும் போலியோ சொட்டும் பிறந்த உடனே கொடுத்துவிடுகிறார்கள். இந்த டிரெக் பரிசோதனை அங்கே எல்லாக் குழந்தைகளுக்குமான அரசுத் திட்டமாக இல்லை. குடும்பத்தில் ஏற்கெனவே ஒரு குழந்தை தொற்றால் இறந்திருந்தால் அல்லது ஒரு குழந்தைக்கு டி செல் குறைவு என்று தெரிந்திருந்தால், அடுத்த பிரசவத்துக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லி, இரத்தம் பார்க்கும்வரை அந்த இரண்டையும் நிறுத்தி வைக்கச் சொல்ல முடியும். என் நாத்தனாருக்கு வரும் தையில் பிரசவம். அத்தையே அந்தப் பழைய விவரத்தை அவருடைய மருத்துவரிடம் சொல்லிவிட்டார். சொட்டு மருந்து குடித்த குழந்தைகளின் மலத்தில் சில வாரங்களுக்கு அந்த வைரஸ் வெளிவரும் என்பதால், ஊரில் சிறு குழந்தைகள் இருக்கும் வீட்டில் தங்கினால் துணி மாற்றிய கையோடு இவனைத் தூக்கக் கூடாது என்பதையும் குறித்து வைத்திருக்கிறேன். அவசரப் பிரிவில் காட்டும் அந்த ஒரு பக்கக் கடிதத்தின் தமிழ் வடிவத்தையும் தயார் செய்து நிபுணரிடம் கையொப்பம் வாங்கிவிட்டோம். ஒரு பிரதி என் கைப்பையிலும் இன்னொன்று என் அம்மாவின் வீட்டு அலமாரியிலும் இருக்கின்றன.